சொல்லாமல் விடுவதும் பொய்யாகுமா?

துணிக்கடை, மளிகைக்கடை, நாணய மாற்று என்று எந்தத் தொழிலில் பொருள் தேடினாலும், நாலு காசு சேர்ந்தவுடன் அதை ஒரு கடைவீட்டிலோ அடுக்குமாடி வீட்டிலோ போட்டு வைப்பது நம்மவர் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் கடை வியாபாரத்துக்கும் வீட்டுக் கிரயத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கெட்ட அரிசியை விற்றால் வாடிக்கைக்காரர் மறுவாரமே வாசலில் வந்து நிற்பார். அவர் வருவார் என்ற பயமே நம்மைப் பாதி நேர்மையாக வைத்திருக்கிறது. வீட்டையோ ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் விற்கிறோம். அவர் மறுபடி நம்மிடம் வரப்போவதில்லை. ஆகவே கடையில் லாபநோக்கம் செய்கிற காவலை, கிரயத்தில் மனசாட்சி ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. மழைக்காலத்தில் பின்கட்டுச் சுவர் ஒழுகும் என்பது விற்கிறவருக்குத் தெரியும். வெயில் காலத்தில் சுவருக்குப் புதுச் சாயம் அடித்து விளம்பரம் செய்கிறார். வாங்குகிறவர் வருகிறார், பார்க்கிறார், கேட்கவில்லை. “நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே! அவருக்குக் கண் இல்லையா?” என்கிறார் விற்றவர். சொல்லாமல் விட்டது பொய்யாகுமா?

இது பழைய வழக்கு. ரோமாபுரி அறிஞர் சிசெரோ கி.மு. 44-ல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதே கேள்வியை விசாரிக்கிறார். குறையுள்ள ஒரு வீடு; குறை சொந்தக்காரர் ஒருவருக்கே தெரியும். சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்பது ஒரு குருவின் கட்சி. தெரிந்த அனைத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய சீடரின் கட்சி. மறைத்தது தவறு என்றே சிசெரோ தீர்ப்பளித்தார்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஊகம் தேவையில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட வரலாற்றை அறியாதவர் நம்மில் யார்? அந்த வியாபாரி பொய் ஏதும் பேசியதாக அறிவிப்பில் இல்லை. ஈரத்தை அடியிலும் காய்ந்ததை மேலேயும் வைத்திருந்தார், அவ்வளவே. மேலே அடித்த புதுச் சாயமும் அதுதானே? மறைந்த குறை பின்னால் தெரிய வந்தால் கிரயத்தை முறிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. துணி வியாபாரியாகவும் விளங்கிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தம் கூட்டாளி குறையைச் சொல்லாமல் ஒரு துணியை விற்றுவிட்டார் என்று அறிந்ததும் கிடைத்த பணத்தைத் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? இல்லை. நான் வாங்கிய விலை, எனக்குள்ள அவசரம், எந்த விலைக்கு இறங்கி வருவேன் என்பவை என் சொந்த விஷயங்கள். ஒழுகும் சுவர், பாக்கி நிற்கும் நிலவரி, குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகள், காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் ஆகியவை பொருளைச் சேர்ந்தவை. அவற்றை மறைத்தால், வாங்குகிறவர் தமக்குக் கிடைக்காத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். என்னைப் பற்றியதை மறைக்கலாம். பொருளைப் பற்றியதை மறைக்கலாகாது. அதுபோலவே “இன்னொருவர் இதைவிட அதிகம் தரத் தயாராக இருக்கிறார்” என்று இல்லாத ஆளைக் காட்டி விலையேற்றுவது, மார்க்கம் தடுத்த பொய்ப் போட்டியின் இனத்தைச் சேர்ந்ததே.

இதுவரை எளிது. கடினமான பக்கம் மறுபுறம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அதிகம் தெரிந்து, விற்கிறவருக்குத் தெரியாமல் இருந்தால்?

பினாங்கை எண்ணிப் பாருங்கள். 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப் போட்டிருந்தது. அதை ரத்து செய்யும் சட்டம் 1997-ல் வந்தது. 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. 2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்த இடைக்காலத்தில், அற்ப வாடகைதான் வரும் என்று எண்ணியிருந்த ஒரு மூதாட்டியிடம், சட்டம் அறிந்த ஒருவர் பழைய விலை பேசி முடித்திருந்தால் அது சாமர்த்தியமா, அநியாயமா?

வணிகக் கூட்டத்தார் சந்தைக்கு வந்து விலை அறியுமுன் அவர்களை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்தபின் கிரயத்தை முறிக்கலாம் என்றும் அறிவிப்பு உண்டு. இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாளை என்ன விலை போகும் என்பது என் கணிப்பு. அது பொய்த்தால் நஷ்டமும் என்னுடையது. ஆகவே அதன் லாபமும் எனக்கு ஆகும். இன்று என்ன விலை, இன்று என்ன சட்டம் என்பதோ சந்தையின் பொதுச் சொத்து. அதை அறிய வழியற்றவரின் அறியாமையை விலைக்கு வாங்கலாகாது. அந்த மூதாட்டியிடம் “உங்கள் பிள்ளைகளைக் கலந்துகொள்ளுங்கள், மதிப்பீட்டாளர் ஒருவரையும் கேளுங்கள்” என்று சொல்லி ஒரு வாரம் பொறுத்திருந்து, அதன் பிறகும் அவர் விற்றால், அது மனநிறைவான கிரயம்.

சட்டம் இந்த வேலையைச் செய்யாது. சிங்கப்பூரில் தனியார் வீட்டுக்கு வழக்கமாக 1 சதவீதம் அச்சாரம் கொடுத்தால், வாங்குவதா விடுவதா என்று யோசிக்க வாங்குகிறவருக்கு 14 நாள் கிடைக்கிறது. உரிமை எழுதிக் கொடுத்த விற்கிறவருக்கோ பின்வாங்க வழியில்லை. அவருக்கு யோசிக்க நேரம் தருவது வாங்குகிறவரின் நெஞ்சம் ஒன்றுதான்.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2010-ல் வந்த சட்டத்தின்கீழ், ஒரே கிரயத்தில் ஒரு தரகர் இரு தரப்புக்கும் நிற்க முடியாது. மலேசியாவில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் தரகுத் தொழில் செய்வது குற்றம். ஆனால் நம்மிடையே “நம்ம ஆள்தானே” என்று பேசி முடிப்பவர்கள் உண்டு. தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் பேசுகிற பேச்சு என்பதால் இருவரும் அவரை நம்புகிறார்கள். அவரோ இருவரிடமும் கூலி பெறுவதை இருவருக்கும் சொல்வதில்லை. நம்பிக்கை எவ்வளவு அதிகமோ, மறைப்பும் அவ்வளவு பெரிய குற்றம்.

“இப்படியெல்லாம் பார்த்தால் நஷ்டம் வராதா?” என்று கேட்கலாம். சில வேளை வரும். ஒழுகும் சுவரைச் சொன்னால் சில ஆயிரம் வெள்ளி குறையத்தான் செய்யும். நேர்மையே நல்ல வியாபாரத் தந்திரம் என்று சொல்லி அதை மழுப்ப வேண்டாம். தந்திரமாகக் கைக்கொண்ட நேர்மை, லாபம் குறைந்த அன்றே கைவிடப்படும். ஒழுகுகிற கூரையின் கீழ் அவர் குழந்தைகள் படுத்திருக்க, அந்தப் பணத்தில் நாம் வீட்டில் அடுப்பெரிப்பது ஹலாலா என்பதே கேள்வி.

ஆகவே சகோதரர்களே, கிரயம் பேச உட்காருமுன் ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்குத் தெரிந்தது நாளை இவருக்கும் தெரிய வந்தால், இவர் முகத்தைப் பார்த்து என்னால் ஸலாம் சொல்ல முடியுமா? முடியுமானால் துணிந்து பேரம் பேசுங்கள். ஒரு வெள்ளிகூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. முடியாதென்றால், அந்தத் தெரிந்த விஷயத்தை முதலில் மேசைமேல் வையுங்கள். நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.