மீளத் தொடங்கும் ஆட்டம்

தெமோதரை நிலையத்தைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம், குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைகின்றது. மீண்டு வந்ததுபோல் தோன்றினும் அது நிற்கும் தளம் வேறு. காலமும் அத்தகையதே, சென்ற நிலைக்கு எவரும் மீள்வதில்லை.

அவ்வூர் மாணவன் ஒருவன் வீட்டுக் கணினியில் கிரிக்கெட் ஆடுகின்றான் என்க. விக்கெட் வீழ்ந்ததும் ஆட்டத்தைக் கலைத்து மீளத் தொடங்குகின்றான். எதிரே மனிதர் இல்லை, ஏமாற்றப்படுவாரும் இல்லை. ஆயின் இதில் தவறு யாது?

1948இல் ஓவல் மைதானத்தில் டொனால்ட் பிராட்மன் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்ஸை ஆட வந்தபோது, சராசரி நூறாவதற்கு நான்கு ஓட்டங்களே வேண்டியிருந்தன. எரிக் ஹொலிஸ் வீசிய இரண்டாம் பந்திலேயே ஓட்டமின்றி ஆட்டமிழந்தார். 99.94 என்னும் எண் மதிப்புப் பெறுவது, அதனை அவராலும் திருத்த இயலாமையினாலேயே.

தேவையற்ற தடைகளை மனமுவந்து ஏற்று வெல்ல முயல்வதே விளையாட்டு என்பது, பேர்னாட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட நூலின் கருத்து. ஏற்ற தடையைத் தானே நீக்கியவனுக்கு வெல்வதற்கு எஞ்சுவது யாது?

பயிற்சிக்காக மீளத் தொடங்குதல் குற்றமன்று. கற்றலுக்குத் தவறும் திருத்தமும் வேண்டும். ஆனால், அழித்தெழுதிய எண்ணை வெற்றியெனக் கொள்பவன் ஏமாற்றுவது தன்னையே. எவரும் காணாத அறையிலும் தன் தோல்வியை ஒப்புக்கொள்பவனே, பிறர் காணும் களத்தில் நேர்மையாளனாக நிற்றல் கூடும்.