அனுமதியும் உடனமர்வும்: மாணவர் கூட்டுறவில் சமத்துவம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

காட்டாக்கடைக்கு அருகில் மாறநல்லூர் ஊராட்சி எல்லைக்குள் அமைந்துள்ள ஊர் ஊரூட்டம்பலம். 1910களில் அய்யன்காளி, பஞ்சமி என்னும் புலையர் சிறுமியை இவ்வூர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்று வகுப்பில் அமர்த்தினார். அக்குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளத் திருவிதாங்கூர் அரசின் ஆணை முன்னரே இருந்தது. எனினும் ஏனைய பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர், பள்ளிக்கூடம் தீக்கிரையாயிற்று. பாதி எரிந்த பலகை ஒன்று அந்நிகழ்வின் நினைவாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 2022-இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

ஆணை அனுமதியைத் தந்தது, உடனமர்வைத் தரவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியே இங்கு ஆராயப்படுகிறது. கல்லூரியில் இடம் பெறுவது சட்டத்தால் இயலும். ஆயின் விடுதி அறை, பந்தி, மன்றம், விழாக்குழு ஆகியவற்றில் யார் யாருடன் சேர்வது என்பது பெரும்பாலும் மாணவரின் விருப்பிற்கே விடப்படுகிறது. விருப்பத்தைக் கட்டளையிட முடியுமா? நட்பு கட்டாயத்தால் விளைவதன்று என்னும் வாதம் வலிமையானதே. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

இவ்வாதத்தின் எல்லையைச் சேரன்மாதேவி குருகுலச் சிக்கல் நன்கு விளக்குகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு படைக்கப்பட்டது. 1924-25 ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் இதனை எதிர்த்தனர். காங்கிரஸ் குழு 5,000 ரூபாய் அளித்திருந்ததும், பொதுமக்களிடம் நன்கொடை பெறப்பட்டிருந்ததும் அவர்தம் வாதத்திற்கு அடிப்படையாயின. பொதுப்பணத்தில் இயங்கும் பந்தி தனிவீட்டுப் பந்தி ஆகாது. காந்தியடிகள் இடைவழி ஒன்றைக் கூறினார்: முன்னரே வாக்களிக்கப்பட்ட அவ்விருவர்க்கு மட்டும் விலக்கு, இனிச் சேர்வோர் உடனுண்ண வேண்டும் என்பது அது. தந்த வாக்கைக் காக்கும் அறத்திற்கும் சமத்துவ அறத்திற்கும் இடையே எழுந்த மோதலாக இதனைக் காண்போர் ஐயரை ஓரளவு புரிந்துகொள்ள இயலும். ஆனால் அவ்வாக்கு யாரைக் கேட்டுத் தரப்பட்டது? எட்ட அமர்த்தப்பட்ட ஏனைய சிறுவரிடம் எவரும் கேட்கவில்லை.

எனவே நட்பு வேறு, நிறுவனத்தின் பெயராலும் கட்டடத்தாலும் நிதியாலும் நிற்கும் கூட்டுறவு வேறு எனப் பகுப்பது பொருந்தும். முன்னது உள்ளத்தைச் சார்ந்தது. பின்னதற்கு விதி வகுக்கலாம்.

‘வரவேற்றல்’ என்னும் சொல்லும் ஆய்வுக்குரியது. திருக்குறள் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்துப் போற்றுகிறது. தமிழ் மரபில் அது உயர்ந்த இல்லறக் கடமை. எனினும் விருந்தினர் எவ்வளவு போற்றப்படினும் வீடு அவருடையது ஆகாது. விருந்தினருக்கு மனையின் ஒழுங்கை மாற்றும் உரிமை இல்லை. ஒதுக்கப்பட்ட மாணவரை ‘வரவேற்போம்’ என ஒரு மன்றம் தீர்மானிக்கும்போது, மன்றம் தன்னுடையது என்னும் உரிமையையும் உடன் நாட்டிவிடுகிறது. பஞ்சமி அப்பலகைக்கு விருந்தினளாகச் செல்லவில்லை.

கதவடைக்கப்பட்டோர் தமக்கெனச் சங்கம் அமைப்பதும் பிரிவினையே என்று சிலர் வாதிடுவர். அய்யன்காளி 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் சகோதரத்துவ அமைப்பைத் தோற்றுவித்தனர். அலபாமா பல்கலைக்கழகத்திலோ, வெள்ளையர் மரபுவழி மகளிர் சங்கங்களின் பாகுபாட்டை மாணவர் இதழ் வெளிக்கொணர்ந்த பின்னர், 2013-இல்தான் அவை பரவலாகக் கதவு திறந்தன. கதவை அடைத்தவர் கூட்டமும், அடைத்த கதவுக்கு வெளியே கூரை வேய்ந்துகொண்டவர் கூட்டமும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கன அல்ல. பின்னதன் தேவை முன்னதன் செயலால் உண்டானது.

இந்திய விடுதிகளிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. தில்லி எய்ம்ஸ் நிறுவனம் குறித்து 2007-இல் வெளிவந்த தோரட் குழுவின் அறிக்கை, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் தொல்லைகளால் விடுதியின் சில தளங்களுக்கே ஒதுங்கி வாழ நேர்ந்ததைப் பதிவு செய்தது. அவர்கள் தாமே சேர்ந்து வாழ விரும்பினர் என்று புறத்தே நின்று கூறுவது எளிது. விருப்பம் போலத் தோன்றுவதற்குள் அச்சம் எவ்வளவு என்பதை அளந்தறிந்த பின்னரே அதனை விருப்பம் எனல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வகுத்த சமத்துவ விதிமுறைகள் விடுதி, உணவகம் ஆகியவற்றில் பிரித்து வைத்தலையும் பாகுபாட்டின் வடிவமாகக் கொண்டன.

அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குதல், மன்றப் பொறுப்புகளைச் சுழற்சியில் அளித்தல் போன்ற எளிய ஏற்பாடுகள் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைச் சிலரது கையிலிருந்து நீக்கிவிடும். குலுக்கல் எவரையும் நண்பராக்குவதில்லை. ஆனால் ஒரே அறையில் ஓராண்டு உறங்கி எழுவோர், பின்னர் நட்பை மறுப்பதாயினும் ஒரு மனிதரை அறிந்தே மறுப்பர். சாதிப் பெயரை மட்டும் அறிந்து மறுக்கும் நிலை அங்கு இராது.