இவானுக்குக் கிடைத்த பதில்

1878-இல் தஸ்தயேவ்ஸ்கியின் மகன் அல்யோஷா இறந்துபோனான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டு ‘கரமசோவ் சகோதரர்கள்’ தொடராக வரத் தொடங்கியது. குழந்தைகளின் கண்ணீரை விலையாகக் கேட்கும் சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்கிறான் அதில் வரும் இவான். கிறிஸ்துவை நம்பியவர், நம்பிக்கைக்கு எதிரான ஆக வலுவான வாதத்தைத் தானே எழுதிவைக்கிறார்.

என் வேலையில் கேள்வி என்று வந்தால் விடை இருந்தே ஆகணும். இங்கே இல்லை. இவான் சொல்லும் கதையில் கிறிஸ்து, தன்னைச் சிறைவைத்த கிழவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, முத்தமிடுகிறார். கதையைக் கேட்ட தம்பியும் அண்ணனை முத்தமிடுகிறான். அந்தத் தம்பிக்குத்தான் மகனின் பெயரை வைத்திருக்கிறார்.

துக்க வீட்டில் ‘எல்லாம் கர்த்தர் சித்தம்’ என்று விளக்குபவரைவிட, பேசாமல் பக்கத்தில் உட்காருபவரே சுவிசேஷத்தைச் சரியாகப் படித்தவர் என்று நினைக்கிறேன்.