தோற்ற சீட்டும் தொடரும் வினையும்

சீட்டாட்டத்தில் வல்லான் ஒருவன் பிழையின்றி ஆடியும் தோற்பானாயின், அத்தோல்வியை அவன் எங்ஙனம் கொள்ளற்பாலன் என்று பீர்க்கன்கரணையில் எம்பாற் பாடங்கேட்கும் இளைஞர் ஒருவர் வினவினார். போக்கர் என்னும் ஆட்டத்தைப் பற்றியது அவ்வினா. சூது கடியப்பட்டதன்றோ, அதனை ஈண்டு ஆராய்தல் எற்றுக்கு என அன்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். கடியப்பட்டதே, திருவள்ளுவனார் அதற்கென ஓரதிகாரம் வகுத்தார். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறனாட்டங்களெனக் கொண்டதாயினும், 2025இல் இந்திய நாடாளுமன்றம் இணையவழிப் பணம்வைத்தாடும் ஆட்டங்களை விலக்கிச் சட்டமியற்றிற்று. ஆயினும் நோய் தீயதென்பது பற்றி மருத்துவன் நாடி பாராதொழியான்.

இவ்வாட்டத்திற்குச் சீட்டு 52. ஆடுவார் ஒவ்வொருவர்க்கும் இரண்டு மறைவாகத் தரப்படும். பொதுவில் ஐந்து திறக்கப்படும். இவ்வேழனுட் சிறந்த ஐந்தே கணக்கு. ஒருவன் கையில் இரண்டு ஆஸும் மற்றவன் கையில் இரண்டு ராஜாவும் இருப்ப, பொதுச்சீட்டுத் திறவாமுன் இருவரும் உள்ள பொருள் முழுதும் வைப்பாராயின், முன்னவன் ஏறக்குறைய நூற்றுக்கு 82 முறை வெல்வான்; எஞ்சியவை பெரும்பாலும் பிறனுக்கே. அவ்வெஞ்சியவற்றுள் ஒன்று வருங்கால் தனக்கு அநீதி நேர்ந்ததென அவன் அரற்றுகின்றான். பிறன்பங்கையும் தனதென்று எண்ணியிருந்தமையே அவ்வரற்றுக்கு வித்து. 'இத்துணைக் கை தோற்றேன், அடுத்தது எனக்கு வந்தே தீரும்' என்பான் மயக்கம் இன்னும் பெரிது. சீட்டுக்கு நினைவில்லை, கலைத்தபின் சென்ற கையை அஃது அறியாது.

அற்றேல், யாவும் வினைவழியே என்னும் சித்தாந்தத்தொடு இது முரணாதோ எனின், முரணாது. சீட்டுப்போல வினையும் சடமே. அதன் பயனை உயிர்க்குக் கூட்டுவான் இறைவன். அவன் கூட்டுவது இன்பதுன்ப நுகர்ச்சி. ஆடுவான் வேண்டிய சீட்டன்று. எத்துன்பம் எவ்வினையின் பயனென நாம் அறியோம். அறியாதான் அடுத்த கையில் ஈடு கேட்பது எவ்வாறு?

தோற்ற கை நுகர்ந்து கழிந்த பிராரத்தம். சினந்து, இழந்ததனை அப்பொழுதே மீட்பான் வேண்டித் தகாத கையின்மேல் வைக்கும் பணயமோ ஆகாமியம். அஃது அவனே புதிதாக ஈட்டுவது. அந்நிலையை ஆட்டக்காரர் 'டில்ட்' என்பர். சாய்தல் என்பது பொருள். நல்ல சொல்லே! அவருள் வல்லார் இழக்கலாகும் பொருளை முன்னரே வரையறுப்பர். பயனைக்கொண்டன்றி, அறிந்தவளவிற் செய்த முடிவைக்கொண்டே தம் ஆட்டத்தை அளப்பர். சினம் எழின் ஆட்டத்தை விட்டு எழுவர்.

இவை தோல்விக்கு மருந்து. வெற்றிக்கு மருந்து தேடுவார் யார்? இரண்டு ராஜாவை வைத்து ஆஸை வென்றவன் அதனை ஊழென்பானல்லன், தன் திறமென்றே பேசுவான். வென்றால் யான், தோற்றால் ஊழ் எனப் பிரித்தெழுதுவது ஆணவத்தின் கணக்கு. இருவினையொப்பென்று நம் நூல்கள் கூறுவது தோல்வியைப் பொறுத்தல் மாத்திரமன்று. வெற்றியையும் அவ்வாறே கொள்வது. இவ்விரண்டாவதே அரிதெனல் எம் கருத்து.

சூதாடிய அடியார் ஒருவர் நம் தொகையுள் உளர். திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்கநாயனார் அடியார்க்கு அமுதளித்துப் பொருள் முழுதும் தீர்ந்தபின், முன்கற்ற சூதினாற் பொருள் தேடினார். தம்மூரில் ஆடுவாரின்மையிற் பிறவூர் சென்று, குடந்தையை அடைந்தார். அவரைச் சினமற்றவரெனக் காட்டுதல் எம் கருத்தன்று. மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினமையின் அன்றோ அப்பெயர் பெற்றார்! யாம் நோக்குவது பிறிதொன்று. முதலாட்டத்தில் அவர் தோற்றார். பின்னர்ப் பலகால் வென்றார். வென்ற பொருளை அமுது சமைப்பார் எடுத்துக்கொள்ள, தாம் அதனைத் தீண்டிலர். அடியாரெல்லாம் உண்டபின்னரே தாம் உண்டார்.