அறியாமல் செய்த காயம்

தீங்கு நினையாமல் ஒருவர் மனதைப் புண்படுத்திவிட்டால் அது குற்றமாகுமா? "எனக்குத் தெரியாதே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அடுத்த வாரம் ஒரு நிவாரண முகாமில் பெயர் எழுதும் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் வந்த ஒரு தாய் தம் பெயரைச் சொன்னார். "பிள்ளைகள் எத்தனை? உடல் கிடைத்ததா?" என்று பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டேன். பதிலில்லை. "சீக்கிரம் சொல்லம்மா, ஜனங்கள் காத்திருக்கிறார்கள்" என்றேன். அரிசியும் வாங்காமல் போய்விட்டார். பிடிவாதக்காரி என்று எண்ணிக்கொண்டேன்.

பேரதிர்ச்சி அடைந்தவர்களை நெருக்கினால் வாயடைத்துப்போவார்கள், அல்லது சீறுவார்கள். அது பிடிவாதமல்ல, ஆபத்தில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்பதை வெகுகாலம் கழித்து ஒரு பயிற்சியில்தான் கற்றேன். மருத்துவமனை, விடுதி, உதவி அலுவலகம் ஆகியவற்றில் ஊழியம் செய்வோருக்கு இன்று பல தேசங்களில் இப்பயிற்சி உண்டு. மருத்துவருக்கு மட்டுமல்ல, சீட்டு எழுதுபவருக்கும் வாசற்காவலருக்குங்கூட. பிறர் சோகக் கதையைத் தோண்டிக் கேட்கக் கற்பிப்பதல்ல அது. ஏன் கேட்கிறாய் என்று முதலில் சொல், தனியே கேள், மறுக்க இடங்கொடு, ஒருமுறை எழுதியதை மறுபடி கேளாதே. பெரும்பாலும் இவ்வளவுதான்.

காயப்பட்டவர் யாரென்று எப்படித் தெரியும் என்பீர்கள். தெரியாது, அதனால்தான் எல்லாரிடமும் அப்படி நடக்கவேண்டும். அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை, உடற்பரிசோதனைக்கு வந்த 17,000-க்கு மேற்பட்ட சாதாரண மனிதரை விசாரித்தார்கள். சிறு வயதில் அடி, அவமானம், வீட்டில் குடி போன்ற துன்பங்களில் ஒன்றையாவது கண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் இருவர்!

அப்படியானால் காயப்பட்டவர் செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா? விடுதியில் மற்றொரு பிள்ளையை அடிக்கும் பையனை விட்டுவிடுவதா? இல்லை, தடுக்கத்தான் வேண்டும். தடுப்பது வேறு, பத்துப் பேர் முன் நிறுத்தி அவமானப்படுத்துவது வேறு. நம் பெரியவர்கள் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை என்பது மெய். ஆனால் அந்தத் தாயின் முகம் என் எதிரே இருந்தது. நான் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிய வழியிருந்தும் அறியாமலிருந்ததை முழுதும் அறியாமை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பயிற்சியின்றி ஒருவரை அந்த மேஜையில் உட்கார வைப்பவருக்கும் இதில் பங்குண்டு.

அவர் பெயருக்கு நேரே அன்று நான் எழுதிவைத்தது: "பதில் தரவில்லை."