கைப்பக்குவம் யாருடைமை?

"தொழில் நுணுக்கத்தை வெளியே விடாதே, விட்டால் சோறு போச்சு!" என்று ஆம்பூரிலே ஒரு தோல் ஷாப்பு மேஸ்திரி தம் மகனிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவரைத் தன்னலக்காரர் என்று ஏசிவிடலாமா?

ஏசுமுன் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை எப்போது எடுப்பது, ஆவாரம்பட்டைச் சாற்றிலே எத்தனை நாள் ஊறவிடுவது, கடுக்காய் எவ்வளவு சேர்ப்பது, இவையெல்லாம் ஏட்டிலே இல்லை. அவர் விரல் நுனியிலே இருந்தன. தடவிப் பார்ப்பார், "இன்னும் ஒரு நாள்" என்பார், அவ்வளவுதான். முதலாளிக்கு நிலம் உண்டு, தொட்டி உண்டு, கடன் கொடுக்க வங்கி உண்டு. தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று ஒதுக்கிய சமுதாயம், உழைப்பவன் கையிலே விட்டுவைத்த சொத்து அந்த விரல் நுனி ஒன்றே. அதையும் பொதுவிலே வை என்பது நீதிதானா?

அந்த மேஸ்திரியின் மகன் வேலூரிலே படித்து, இன்று கணினிக்கு நிரல் எழுதுகிறான் என்று கொள்வோம். அவனிடமும் அதே கேள்வி வருகிறது. பிறர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுது, ஏன் இவ்வாறு அமைத்தாய் என்று குறித்து வை, கற்ற நல்வழக்கத்தை அடுத்த இருக்கைக்காரனுக்கும் சொல்லிக்கொடு என்கிறார்கள். தயங்குகிறான். தனக்கு மட்டுமே விளங்கும் நிரல் இருக்கும்வரைதானே தன்னை வெளியே அனுப்ப அஞ்சுவர்! தொட்டி மாறிற்று, தந்தையின் அச்சம் மட்டும் மாறவில்லை.

மறைப்பது கணினித் துறையிலேயே ஒரு நெறியன்றோ என்று வாதிடுவோரும் உண்டு. உண்மைதான். 1972இல் டேவிட் பார்னாஸ் எழுதிய கட்டுரை, பெரிய நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கையில், பின்னர் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள்ளே மறைத்து வைக்கச் சொன்னது. எதற்காக? நாளை அம்முடிவை மாற்றினால், அந்தப் பகுதியை மட்டும் திருத்தினால் போதும், மற்றவை குலையமாட்டா என்பதற்காக. அடுத்தவன் சுமை குறைய மறைப்பது அது. அடுத்தவன் அறியாது தவிக்க மறைப்பது முற்றிலும் வேறு. முன்னது பெட்டிக்கு மூடி. பின்னது மூடிக்குப் பூட்டு.

பூட்டு போட்டதால் விளைந்ததென்ன என்பதைத் தமிழே சொல்லும். கணினியில் தமிழ் ஏறிய காலத்திலே, ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு! ஒரு பொறியில் எழுதிய கடிதம் மறு பொறியிலே பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றிற்று. 1999இல் சென்னையிலே தமிழிணைய மாநாடு கூடி, பொதுவான விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் வழி தேட வேண்டியதாயிற்று. பின்னர் ஒருங்குறி பரவிய பிறகே தமிழன் எழுதியதைத் தமிழன் தடையின்றிப் படித்தான்.

தோல் தொழிலிலோ கதை இன்னும் கசப்பானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே ஆல்பிரட் சாட்டர்டன், குரோம் முறையிலே தோல் பதனிடுவதைச் சென்னையில் அரசினர் செலவிலே செய்து காட்டினார். ஐரோப்பிய வணிகர் கொதித்தனர். 1910இல் இந்தியா மந்திரி மார்லி, சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் அரசு ஆலை நடத்தலாகாது என்று அணை போட்டார். 1948இல் அடையாற்றிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1958 முதல் அதன் இயக்குநராயிருந்த நாயுடம்மா, ஆய்வுக்கூட அறிவு தோல் தொட்டிவரை சென்றாக வேண்டும் என்பதிலே கருத்தாயிருந்தார். குரோம் முறை பரவிற்று. வாரக்கணக்கிலே ஆன வேலை நாள்கணக்கிலே முடிந்தது. ஆனால் கழிவை என் செய்வது என்ற அறிவும் பொறுப்பும் அதே வேகத்திலே பரவினவா? பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கேளுங்கள்! வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நுணுக்கம் தனியுடைமை, இலாபம் தனியுடைமை. உப்பேறிய நீர் மட்டும் பொதுவுடைமை! என்னே பங்கீடு!

ஆகவே மறைவு தீது என்கிறோம். ஆனால் மேஸ்திரியின் வழக்கு இன்னும் தீரவில்லை. ஏழையிடம் மட்டும் "பகிர்ந்துகொள்" என்று கேட்பது பறிப்பதற்கு இட்ட நல்ல பெயர். இந்த இடத்திலே நிரலாளர் உலகம் ஒரு வழி கண்டிருக்கிறது. 1989இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த பொது உரிமம் சொல்வது இது: எடுத்துக்கொள், படி, மாற்று; மாற்றியதைப் பிறருக்கு வழங்குவாயானால் அதன் மூல நிரலையும் இதே உரிமையோடு வழங்கு. பெற்றதைப் பூட்டும் உரிமை எவருக்கும் இல்லை, பெருநிறுவனத்துக்கும் இல்லை. கொடுப்பவனைத் தனித்து நிறுத்தாமல், பெறுபவனையும் கட்டும் ஒப்பந்தம் அது.

மகனுக்கு அந்த ஒப்பந்தம் கிட்டிற்று, தந்தைக்குக் கிட்டவில்லை. விரல் நுனி அறிவை ஏட்டில் எழுதித்தா என்று அவரிடம் கேட்கும் முதலாளியிடம் நாம் கேட்கிறோம்: எழுதித் தருகிறார், ஏட்டின் மேல் அவர் பெயரைப் போடுவீரா? ஏடு கைக்கு வந்தபின் அவர் வேலைக்கு உறுதி தருவீரா? வாங்கிய தோலின் விலையையும், விற்ற செருப்பின் விலையையும், உம்முடைய ஏட்டிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டுவீரா?