நடப்பவருக்கு எண் இல்லை

நம் ஊர்ச் சாலைப் பொறியாளர்களின் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ரோட்டில் போகிற எல்லாவற்றையும் கார் என்ற ஒரே அளவுக்கு மாற்றித்தான் எண்ணுவார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் கிராமப்புறச் சாலைகளுக்குப் போட்ட வழிகாட்டியின்படி கார் 1, சைக்கிள் 0.5, லாரி 3, மாட்டு வண்டி 8. மாட்டு வண்டிக்கு என்ன அவ்வளவு மரியாதை என்று தோன்றும். மரியாதையெல்லாம் இல்லை, அது அவ்வளவு இடைஞ்சல் என்று அர்த்தம். நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடைஞ்சல் என்ற தகுதிகூட இல்லை.

ஒரகடம் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். சுற்றிலும் ரெனோ-நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் போகவேண்டும் என்பதால் சாலைகள் அகலமாயின, நடுவில் மீடியன் வந்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடுவது ஒரு பக்கம், வாடகை ரூம் இருப்பது மறுபக்கம் என்றால், நடுவே ஆறு வழிச்சாலை.

சரி, கடக்கிறவர்களை யாருமே எண்ணுவதில்லையா? எண்ணுவார்கள். பாதசாரிக் கடவை தேவையா என்று முடிவுசெய்ய ஒரு சூத்திரம் இருந்தது: உச்ச நேரத்தில் ஒரு மணிக்குக் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, போகும் வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். மீடியன் இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டணும், மீடியன் இருந்தால் 20 கோடியை. எனக்கு உறுத்துவது எண்ணின் அளவு அல்ல. ரோடு பயங்கரமாக இருந்தால் பாட்டி கடக்கவே மாட்டாள். அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போவதை நிறுத்திவிடுவாள். எண்ண வருகிறவரின் தாளில் ஒரு ஆள் குறையும். பயந்தவர்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்தபின், ‘இங்கே தேவை இல்லை’ என்று தாள் சொல்லும். அவள் ரத்த அழுத்தம் எந்த விபத்துப் பதிவேட்டிலும் வராது.

விபத்தில் செத்தவர்களையாவது எண்ணுகிறோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் 32,825.

‘ரோடு வராம வேலை வருமா?’ என்று கேட்பவரை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். வராது. 108 ஆம்புலன்ஸும் அதே ரோட்டில்தான் வேகமாகப் போகிறது. பலருடைய நன்மைக்காகச் சிலர் சிரமப்படலாம் என்ற வாதத்துக்கு இந்த மண்ணிலேயே ஒரு பெரிய கதையும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோயிலில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார், நரகம் வாய்த்தாலும் எல்லோரும் உய்யட்டும் என்றார் என்பார்கள். ஆனால் அவர் பணயம் வைத்தது தன் கதியை. அடுத்த தெருக்காரரை நரகத்துக்கு அனுப்பி ஊரைக் கரையேற்றவில்லை. சாலைத் திட்டத்தில் லாபத்தை ஒருவர் கூட்டுகிறார், நுரையீரலையும் காலையும் இன்னொருவர் கொடுக்கிறார். கொடுப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

கேட்கச் சொல்லும் சட்டமும் நம்மிடம் மெலிந்துதான் இருக்கிறது. 2013 திருத்தத்துக்குப் பிறகு, 100 கி.மீ.க்குக் குறைவான தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியே வேண்டாம். மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்கு மலைப்பகுதி மாதிரி இடங்களில்தான் அந்தக் கேள்வி எழும். ஒரகடம் சமவெளி. தாய்லாந்தில் 2007 தேசிய சுகாதாரச் சட்டப்படி, ஒரு திட்டம் தன் உடல்நலத்தை என்ன செய்யும் என்று மதிப்பிடச் சொல்லிக் கேட்க ஒரு தனிமனிதருக்கே உரிமை உண்டு. வேல்ஸ் 2017-இல் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே அந்த மதிப்பீட்டைச் சேர்த்தது. அங்கெல்லாம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. கேட்கலாம் என்பதாவது எழுத்தில் இருக்கிறது.

இங்கே கேட்டால் என்ன கேட்பது? விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் எந்த விளக்கின் கீழே நிற்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. ராத்திரி வரிசையாக நிற்கும் லாரிகளின் புகை யார் ஜன்னலில் நுழைகிறது. மாத்திரை வாங்கப் போவதை நிறுத்தியவர்கள் யார் யார். டெண்டருக்கு முன்னால், கிராமச் செவிலியரைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் ரோட்டின் இரண்டு பக்கமும் வீடு வீடாக நடந்தால் இதையெல்லாம் எழுதிவிடலாம்.